பரிமாறும் கலமும் பரிமாறுபவரும்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில், கிராமபோன் குழல்களுக்கும் பழைய திரைப்படச் சுவரொட்டிகளுக்கும் இடையில் தூசு படிந்த வெள்ளைத் தட்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெருவில் எஞ்சியிருக்கும் ஏலக் கடையிலும் அவற்றைக் காணலாம். கனமான நீள்வட்டத் தட்டு, மூடியும் இரு காதுகளும் கொண்ட ஆழ்கலம், மூக்கு நீண்ட குழம்புக் கிண்ணம் ஆகியவை அவற்றுள் அடங்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சிங்கமும் ஒரு கேடயமும், 'அயர்ன்ஸ்டோன்' என்ற சொல்லும் கருநிறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

நெடுங்காலம் இவற்றைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் பழம்பொருள் வணிகர்களே. இன்று பெருநகர அடுக்ககங்களில் புதிதாகக் குடியேறும் இளம் குடும்பங்களும் இவற்றை விரும்பி வாங்குகின்றன. வாங்கியபின் தட்டு சுவரில் ஏறுகிறது. ஆழ்கலம் ஷோகேஸில் அமர்கிறது. இரண்டும் அழகாகப் படம்பிடிக்கப்படுகின்றன. அவற்றில் யாரும் உணவு பரிமாறுவதில்லை. இந்த ஆசையில் தவறொன்றும் இல்லை. எனினும், பரிமாறுவதற்கென்றே பிறந்த ஒரு கலம் இந்திய வீட்டுக்குள் வந்ததும் ஏன் சுவருக்குப் போய்விடுகிறது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அதற்கான விடை அழகுணர்வோடு மட்டும் முடிந்துவிடுவதில்லை.

முதலில் பெயரைப் பார்க்கலாம். அயர்ன்ஸ்டோன் என்றால் இரும்புக்கல். அந்தக் கலத்தில் இரும்பும் இல்லை, கல்லாகத் தோண்டி எடுத்துச் செதுக்கியதும் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷைர் வட்டாரத்தில் சார்லஸ் ஜேம்ஸ் மேசன் என்பவர் 1813-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற ஒரு வகைச் சுடுமண் கலம் அது. காப்புரிமை ஆவணத்தில் இரும்புத் தாதுக் கசட்டைப் பொடித்துச் சேர்ப்பதாகச் சொல்லப்பட்டது. அது உறுதியை உணர்த்துவதற்காக வைத்த விற்பனைப் பெயர் என்றே பீங்கான் வரலாற்றை எழுதியோர் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அதன் உடல் களிமண், சக்கிமுக்கிக் கல்லின் பொடி, கார்ன்வால் கல் முதலியவற்றாலானது. மிகு வெப்பத்தில் சுடப்பட்டு ஏறக்குறையக் கண்ணாடித்தன்மை அடைந்ததால் உறுதி பெற்றது.

இந்தப் பிறப்பிலேயே இந்தியாவை ஆண்ட நிறுவனத்தின் கை இருக்கிறது. சார்லஸின் தந்தை மைல்ஸ் மேசன் இலண்டனில் சீனப் பீங்கான் விற்றவர். கிழக்கிந்தியக் கம்பெனி சீனத்திலிருந்து பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை 1791-இல் நிறுத்திக்கொண்டது. விற்கச் சரக்கு இல்லாமல் போன வணிகர், சரக்கைத் தாமே செய்யும் தொழிலுக்கு மாறினார். அந்தத் தேவையின் தொடர்ச்சியாகவே அடுத்த தலைமுறையில் அயர்ன்ஸ்டோன் தோன்றியது. சீனப் பீங்கானை வாங்க இயலாத நடுத்தரக் குடும்பத்துக்கு, அதன் சாயலில், அதைவிட மலிவாக, எளிதில் உடையாத கலம் ஒன்றைத் தருவதே அதன் நோக்கம்.

காப்புரிமைக் காலம் முடிந்தபின் ஸ்டாஃபர்ட்ஷைரின் பிற பட்டறைகளும் அதைச் செய்யத் தொடங்கின. 1840-களிலிருந்து வண்ண ஓவியம் ஏதுமற்ற வெள்ளை அயர்ன்ஸ்டோன் அமெரிக்காவுக்குப் பெருமளவில் கப்பலேறியது. அதை விரும்பி வாங்கியவர்கள் உழவர்கள். அறுவடைக் காலத்தில் பெரிய மேசையைச் சுற்றி அமர்ந்து உண்ணும் கூட்டத்துக்கு அது தோதாக இருந்தது. கோதுமைக் கதிர் புடைப்பாக அமைந்த ஒரு வடிவம் அவர்களிடையே புகழ்பெற்றது இயல்பே. இன்று அரும்பொருளாகப் போற்றப்படுவது அன்று அறுவடை மேசையில் நாள்தோறும் புழங்கிய கலம்.

இதே கலத்துக்குப் பட்டறைகள் வைத்த மற்றப் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. கற்பீங்கான், வெள்ளைக் கருங்கல், முத்துப் பீங்கான், அரைப் பீங்கான் என்ற பொருளில் ஆங்கிலப் பெயர்கள் பல வழங்கின. இரும்பு, கல், முத்து எல்லாம் பெயரில் வந்தன. மண் மட்டும் வரவில்லை. வாங்குபவர் மனத்தில் மண் என்ற எண்ணம் எழாமல் பார்த்துக்கொள்வது வணிகருக்கு நன்மையாக இருந்தது.

இந்திய மொழிகள் அப்படி மறைக்கவில்லை. இந்தியில் இவ்வகைக் கலங்களின் பொருள் 'சீனி மிட்டி', அதாவது சீன மண். வங்காளியில் 'சீனாமாட்டி'. எங்கிருந்து வந்தது என்பதையும் என்ன பொருள் என்பதையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. தென்னிந்திய மொழிகள் வேறு வழியில் சென்றன. தமிழில் பீங்கான், மலையாளத்தில் பிஞ்ஞாணம், தெலுங்கிலும் கன்னடத்திலும் பிங்காணி. இவையெல்லாம் கிண்ணத்தைக் குறித்த 'பிங்கான்' என்னும் பாரசீகச் சொல்லின் பிள்ளைகள். அரபியர் காப்பி அருந்தும் 'ஃபின்ஜான்' அதே சொல்லின் மற்றொரு கிளை. வங்காளத்தில் கோப்பையின் அடித்தட்டைக் குறிக்கும் 'பிரிச்' போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்றது. தமிழின் கோப்பையும் அவர்கள் கொண்டுவந்ததுதான். ஒரு தேநீர்க் கோப்பையையும் தட்டையும் எடுத்து வைத்தால் அரபிக் கடலின் வணிகம் முழுவதும் மேசையில் வந்து அமர்ந்துவிடுகிறது.

சொற்கள் எளிதாக உள்ளே வந்தன. கலங்கள் அவ்வளவு எளிதாக வரவில்லை. ஏன் என்பதற்கான விடை அந்த 'மிட்டி'யில் இருக்கிறது.

தூய்மை பற்றிய வைதிக விதிகளில் உலோகமும் மண்ணும் ஒன்றல்ல. பித்தளையையும் வெண்கலத்தையும் சாம்பலிட்டு, புளியிட்டுத் தேய்த்து மீண்டும் தூய்மையாக்கிவிடலாம். மண்கலம் தீட்டுப்பட்டால் மறுபடியும் நெருப்பில் சுட வேண்டும் என்கிறது மனுநூல். நடைமுறையில் அதைத் தூக்கி எறிவதே வழக்கம். வட இந்திய இரயில் நிலையங்களில் தேநீர் குடித்ததும் உடைத்தெறியப்படும் 'குல்ஹட்' என்னும் மண்குவளைக்குப் பின்னாலும் இந்த எண்ணம் உண்டு. 2004-இல் இரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் அதை மீட்டுக் கொண்டுவந்தபோது குயவரின் வாழ்வாதாரமும் சுற்றுச்சூழலும் காரணங்களாகப் பேசப்பட்டன. அக்காரணங்கள் உண்மையானவையே. ஆனால் யார் வாய் வைத்தார் என்று தெரியாத கலத்தில் குடிக்க அஞ்சிய ஒரு சமூகமும் அந்தக் குவளையை நெடுங்காலம் தாங்கிப் பிடித்தது என்பதும் உண்மையே.

மெருகேற்றிய பீங்கான் இந்த விதிக்குள் ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. அது மண்ணா, கண்ணாடியா, கல்லா? உயர்சாதி வீடுகள் பலவும் அதை மண்ணின் பக்கமே வைத்தன. ஆகவே அது சமையலறைக்குள் வரவில்லை. திண்ணையிலோ வெளி அறையிலோ தனி அலமாரியில் நின்றது. ஐரோப்பியர் வந்தால், முஸ்லிம் நண்பர் வந்தால், 'கீழ்ச்சாதி' என்று ஒதுக்கப்பட்டவர் வந்தால் அதில் தேநீர் தரப்பட்டது. மேசன் வைத்த பெயரை அந்த வீடுகள் உண்மையென்று நம்பியிருந்தால் இரும்புக்கல் கலம் ஒருவேளை சமையலறைக்குள் நுழைந்திருக்கும். சீன மண் என்று சொல்லிப் பழகிய நாக்கு அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இது பழைய காலத்துக் கதையென்று ஒதுக்கிவிட இயலாது. ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' என்ற இந்தித் தன்வரலாறு 1997-இல் வெளிவந்தது. மராட்டியப் பார்ப்பனக் குடும்பம் ஒன்றின் நட்பை அவர் பெற்றிருந்த நாள்களைப் பற்றி அதில் எழுதுகிறார். அந்த வீட்டுக்கு வந்த தலித் பேராசிரியர் ஒருவருக்கு வேறு கோப்பையில் தேநீர் தரப்படுகிறது. தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் தனிக் கலங்கள் வைத்திருப்பதாக, அதில் ஒளிக்க எதுவும் இல்லாததுபோல், வால்மீகியை விரும்பிய அந்த வீட்டுப் பெண்ணே சொல்கிறார். தம் சாதி அவர்களுக்குத் தெரியாததால்தான் தமக்கு அவர்களுடைய கோப்பை கிடைத்தது என்பது வால்மீகிக்கு அப்போது விளங்குகிறது. படித்த, பண்பான, அன்பான வீடு அது. அன்பு இருந்த இடத்திலேயே கோப்பையும் இரண்டாக இருந்தது என்பதுதான் அந்தப் பக்கங்களின் வலி.

அந்த நூலின் தலைப்பு ஒரு சொல்லாகவே ஆராயத் தகுந்தது. 'ஜூட்டா' என்றால் வாய் பட்டது, உண்டு மீந்தது. தமிழில் எச்சில், மலையாளத்திலும் எச்சில், கன்னடத்தில் எஞ்சலு, தெலுங்கில் எங்கிலி, வங்காளியில் எண்ட்டோ, மராத்தியில் உஷ்ட. இந்தியாவின் பெரிய மொழிகள் பலவற்றிலும் இதற்குத் தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நிகரான ஒற்றைச் சொல் இல்லை. தமிழில் 'எஞ்சு' என்ற வேரிலிருந்தே எச்சமும் எச்சிலும் வந்தன. இலக்கணத்தில் எச்சம் என்பது முடிவு தேடி நிற்கும் சொல். வீட்டில் எச்சில் என்பது யாருடையது என்று கேட்டபின் அருவருப்போ உரிமையோ ஆகிவிடும் பொருள். குழந்தையின் எச்சிலைத் தாய் உண்பாள். கணவன் உண்ட இலையில் மனைவி உண்பதைச் சிறப்பாகச் சொன்ன காலமும் இருந்தது. வீட்டைத் துடைக்க வந்தவர் குடித்த குவளை மட்டும் தனியே கவிழ்த்து வைக்கப்படும்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் 2011–12-இல் நடத்திய இந்திய மனித வளர்ச்சி ஆய்வு நாடு முழுவதும் ஏறத்தாழ 42,000 வீடுகளைச் சந்தித்தது. தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறீர்களா என்றும், தலித் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ ஏற்பீர்களா என்றும் அது கேட்டது. ஏதோ ஒரு வகையில் தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக ஏறக்குறைய 27 விழுக்காட்டு வீடுகள் ஒப்புக்கொண்டன. கேட்பவரிடம் வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்களின் அளவு மட்டுமே இது.

சட்டம் பாத்திரத்தை மறக்கவில்லை. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை எவ்வடிவிலும் தடை செய்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் உணவு விடுதியிலும் சத்திரத்திலும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களை ஒருவர் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. இரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர் என்றும் முஸ்லிம் தண்ணீர் என்றும் கூவி விற்ற நாட்டில் அது பெரிய மாற்றம். ஆனால் சட்டத்தின் கண் விடுதி மேசைவரை எட்டுவதுபோல் வீட்டு அலமாரிவரை எட்டுவதில்லை. எந்தக் குவளை யாருக்கு என்பதை இன்றும் வீட்டார் மட்டுமே தீர்மானிக்கின்றனர்.

கடந்த அரை நூற்றாண்டில் அந்த அலமாரிக்குள் வியப்பான ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. எவர்சில்வர் பரவியது. பித்தளை பரணுக்கு ஏறியது. பீங்கான் படிப்படியாக உயர்ந்தது. ஒருகாலத்தில் வெளியாருக்கென ஒதுக்கிய பீங்கான் இன்று மதிப்புக்குரிய விருந்தினருக்கான டின்னர் செட் ஆகிவிட்டது. வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தனியே வைத்திருப்பது எவர்சில்வர் குவளை. தீட்டுக்குக் காரணம் மண்ணின் நுண்துளைகள் என்றால், துளையே இல்லாத எவர்சில்வரைத் தனியே வைக்க எந்தச் சாத்திரமும் தேவையில்லை. பொருள்கள் இடம் மாறிக்கொண்டன. தனித்தட்டு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. பொருளைப் பற்றிச் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் மனிதரைப் பற்றியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

பழைய அயர்ன்ஸ்டோன் கலத்தை வாங்கி ஷோகேஸில் வைக்கும் வீடு, தெரிந்தோ தெரியாமலோ, இந்த வரலாற்றின் ஒரு பொருளைத்தான் வாங்குகிறது. அந்தக் கலத்தை வாரம் ஒருமுறை தூசு தட்டித் துடைப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்லர். துடைப்பவருக்கு அதில் உண்ண இடமுண்டா என்ற கேள்வியை அந்த வெள்ளைக் கலம் ஓசையின்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கேள்வி அதே வீட்டின் மற்றொரு பெண்ணைப் பற்றியது.

பரிமாறுதல் என்ற தமிழ்ச்சொல் அழகானது. கருத்துப் பரிமாற்றம், கடிதப் பரிமாற்றம் என்னும்போது அது இருவர் தம்முள் மாற்றிக்கொள்வதைக் குறிக்கிறது. உணவுக்கு வரும்போது மட்டும் அந்த இருவழிப் பாதை ஒருவழியாகிவிடுகிறது. ஒருவர் பரிமாறுகிறார், மற்றவர் உண்கிறார். இந்தியின் 'பரோஸ்னா' வடமொழிப் 'பரிவேஷ'த்திலிருந்து வந்தது. நிலவைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்தைத் தமிழ் நூல்கள் பரிவேடம் என்பதும் அச்சொல்லையே. உண்பவர் நடுவில் இருக்க, பரிமாறுபவர் சுற்றி நிற்கும் காட்சி அந்த உறவில் தெரிகிறது. வட்டம் அழகாகத்தான் இருக்கும். நிலவின் இடத்தில் யார், வட்டத்தின் இடத்தில் யார் என்பது பெரும்பாலான வீடுகளில் ஒவ்வொரு வேளையும் மாறாமலிருப்பதே சிக்கல்.

ஆண்களும் குழந்தைகளும் முதலில் உண்ண, பெண்கள் கடைசியில் மீந்ததை உண்பது இந்தியாவின் பல பகுதிகளில் இன்றும் நடப்பு. குழம்பில் காய் தீர்ந்திருக்கும்; பருப்பு ஆறியிருக்கும். இதில் ஊட்டக்குறைவும் அடங்கியிருக்கிறது. மதிப்பும் அடங்கியிருக்கிறது. இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பவை பெரிய கொள்கைகள் அல்ல, சிறிய பழக்கங்கள். சமையல் பாத்திரம் அடுப்பருகே இருக்கும். உண்பவர் எழுந்து வந்து எடுத்தால் எச்சில் கை பட்டுவிடும். ஆகவே எச்சில்படாத ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் வீட்டில் விவாதமே எழுவதில்லை.

பரிமாறும் கலம் என்ற எளிய பொருள் இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியது. உணவு முழுவதும் மூடிய கலங்களில் மேசையின் நடுவே வந்துவிடுகிறது. ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு கரண்டி உண்டு. இடக்கையால் கரண்டியைப் பிடித்து அவரவர் போட்டுக்கொள்ளலாம். எச்சில் பார்க்கும் வீட்டுக்கும் இதில் தடையில்லை; கலத்தில் யார் கையும் படுவதில்லை. நின்றுகொண்டிருக்க யாரும் தேவைப்படாததால் சமைத்தவரும் அமரலாம். இந்தியில் இத்தகைய கலத்தை 'டோங்கா' என்பர். குடைந்த மரப் படகுக்கும் அதே பெயர். திருமணச் சீராக வரும் டின்னர் செட்டில் மூடியுள்ள இரண்டு டோங்காக்கள் கட்டாயம் இருக்கும். அவை விருந்தாளி வரும் நாளுக்கென்று பெட்டியிலேயே உறங்கும். விருந்தாளி வந்த நாளிலும் பெண்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துகளில் சில வலுவானவை. அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

முதலாவது சூடு. சப்பாத்தியும் தோசையும் கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வந்தால்தான் சுவை. கலத்தில் அடுக்கினால் வியர்த்துப் போகும். இது உண்மை. ஆனால் அந்தச் சுவைக்கான விலையைக் கல்லருகே நிற்பவரே செலுத்துகிறார் என்பதும் உண்மை. நிற்பவர் முறைவைத்து மாறலாம். முதல் நான்கு தோசைகளை ஒருவர் வார்க்க, அடுத்த நான்கை மற்றவர் வார்க்கலாம். மாறுவதற்கு ஆள் இல்லை என்றால் ஒரு வேளை துணி விரித்த கலத்தில் அடுக்கிய சப்பாத்தியை அனைவரும் சேர்ந்து உண்பதால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. சோறும் பருப்பும் காய்கறியும் மூடிய கலத்தில் நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது, பரிமாறுவது அன்பின் வெளிப்பாடு என்ற வாதம். அதை மறுக்க வேண்டியதில்லை. பசியோடு வருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக இடும் கையில் அன்பு இருக்கிறது. ஆயின் அன்பு என்றால் அது வீட்டில் உள்ள எல்லாக் கைகளுக்கும் வர வேண்டும். ஒருவரின் கைக்கு மட்டும் நாள்தோறும் விதிக்கப்பட்டது கடமை. அதற்கு அன்பு என்று பெயரிடுவது, மண்கலத்துக்கு இரும்புக்கல் என்று பெயரிட்டதைப் போன்ற வேலை.

மூன்றாவது, இது காலனியத்தின் மேசை என்ற வாதம். ஸ்டாஃபர்ட்ஷைர்த் தட்டுகளில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் இந்தியக் காட்சிகளிலிருந்து எடுத்த கோயில்களும் கோபுரங்களும் நீலநிறத்தில் அச்சிடப்பட்டன. ஆளும் நாட்டின் உணவு மேசைக்கு ஆளப்படும் நாடு அலங்காரமாயிற்று. அந்தத் தட்டை வெள்ளையாக்கிச் செய்த தொழிலாளியும் நலமாக இல்லை. மெருகுக் குழம்பில் கலத்தைத் தோய்த்தவர்கள் ஈய நஞ்சால் நோயுற்றதை அன்றைய பிரிட்டிஷ் அரசு விசாரணைகளே பதிவு செய்தன. இவையெல்லாம் நினைவில் இருக்க வேண்டியவைதான். ஆனால் இதற்கு மாற்றாகப் பித்தளைத் தாம்பாளத்தின் காலத்தைப் பொற்காலமாக்கினால், அந்தத் தாம்பாளத்தைத் தொட அனுமதி இல்லாதவர்கள் யாருடைய பொற்காலம் அது என்று கேட்பார்கள். கலத்தின் ஊர் எதுவாயினும், அதைச் சுற்றி யார் அமர்கிறார் என்பதே கணக்கு.

மேலும், கலம் இங்கிலாந்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சஹர் மாவட்டத்தில் உள்ள குர்ஜா நகரம் பல தலைமுறைகளாகப் பீங்கான் கலம் செய்து வருகிறது. புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. அங்கு செய்யப்படும் மூடியுள்ள கலம், பழம்பொருள் கடைக் கலத்தைவிட மலிவு. உடைந்தால் மறுபடியும் வாங்கலாம். உடைந்தால் மனம் உடையாத கலமே நாள்தோறும் புழங்கும்.

பழைய அயர்ன்ஸ்டோனையே விரும்புவோர் வாங்கும்போது சிலவற்றைக் கவனிப்பது நல்லது. விரலால் மெல்லத் தட்டினால் முழுக்கலம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மங்கலாக ஒலிக்கும். மெருகில் சிலந்திவலைபோல் நுண்கோடுகள் ஓடி, அவற்றின் வழியே பழுப்புக் கறை இறங்கியிருந்தால் அக்கலம் காட்சிக்கு மட்டுமே உகந்தது. 'இங்கிலாந்து' என்ற நாட்டுப்பெயர் அடியில் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் அவ்வாண்டு முதல் நாட்டுப்பெயரைக் கட்டாயமாக்கியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பழைய மெருகில் ஈயம் இருக்கக்கூடும் என்பது. புளியும் எலுமிச்சையும் தயிரும் ஈயத்தைக் கரைத்தெடுக்கும். ஆகவே சாம்பார், இரசம், ஊறுகாய், மோர்க்குழம்பு ஆகியவற்றை அதில் ஊற்றலாகாது. குழந்தைகளுக்கான உணவையும் வைக்கலாகாது. துணி விரித்துச் சப்பாத்தி அடுக்கலாம். முழுப் பழங்களை வைக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது. நாள்தோறும் சோறும் குழம்பும் பரிமாறுவதற்குக் குர்ஜாக் கலமோ எவர்சில்வரோ போதும். அழகுக்காக நஞ்சை ஏற்க வேண்டியதில்லை.

பொருளை நேசிப்பதற்கும் பொருளால் வாழ்வைச் சற்று மாற்றிக்கொள்வதற்கும் இடையில் பெரிய தொலைவு இல்லை. ஷோகேஸில் நிற்கும் வெள்ளைக் கலம் ஒரு வீட்டின் ரசனையைச் சொல்லும். மேசைமேல் வந்த கலம் அந்த வீட்டில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்கிறார்கள் என்பதைச் சொல்லும். இவ்விரண்டில் எது விருந்தாளியிடம் பெருமையாகக் காட்டத்தக்கது என்பதை அவரவர் வீட்டில் அவரவர் தீர்மானிக்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இதைச் சோதித்துப் பார்க்கச் செலவு எதுவும் இல்லை. சமைத்தவற்றை எல்லாம் கலங்களில் எடுத்து, மூடி, மேசைக்கோ பாய்க்கோ நடுவில் வைத்தால் போதும். சமைத்தவர் முதலில் அமரட்டும். அந்நேரம் வீட்டில் வேலை செய்துகொண்டிருப்பவருக்கும் மற்றவர்களுக்கு வைத்த அதே தட்டு ஒன்று வைக்கப்படட்டும். அவர் அமரத் தயங்கினால், அந்தத் தயக்கம் எத்தனை ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டது என்பதை அந்த வீடு சற்று எண்ணிப் பார்க்கட்டும். அடுத்த ஞாயிறும் அந்தத் தட்டு அங்கேயே இருக்கட்டும்.